'கடல் மட்டும் சரியா வரல்ல': கடற்கரைப் படத்தில் குறை தேடும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து நீரோடி வரைக்கும், எல்லை தாண்டினால் கேரளத்துப் பொழியூர், பூவார் வரைக்கும், தென்னையும் வள்ளமும் அஸ்தமனமும் ஒரு தடவையாவது வரைந்து பார்க்காத ஆள் குறைவு. அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம் எங்கே உறுத்துகிறது என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கடல் மட்டும் சரியா வரல்ல." உற்றுப் பார்த்தால் கடலில் பெரிய குறை ஒன்றும் இருக்காது. குறை மணலிலோ, தொடுவானக் கோட்டிலோ, வெளிச்சத்திலோ ஒளிந்திருக்கும். பழி மட்டும் கடல்மேல் விழும். உறுத்துகிற இடத்தையே மறுபடி மறுபடி தீட்டினால் பெயின்ட்தான் தீரும்.

அதனால் இங்கே 'எது உறுத்துகிறது' என்பதில் தொடங்கி, 'எதனால்' என்று போகிறேன். உங்கள் படத்துக்கும் சரி, இன்னொருவர் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கும் சரி, இதே வழிதான்.

முதலில் எல்லாப் படத்துக்கும் பொதுவான ஒரு சோதனை. போனில் படத்தை ஒரு போட்டோ எடுத்து, அதைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். வானம், கடல், மணல், மரம் நான்கும் தனித்தனியாகத் தெரிந்தால் படத்தின் எலும்பு சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துபோனால், நீலத்தை எவ்வளவு மாற்றினாலும் பயன் இல்லை. இருட்டு-வெளிச்சத்தைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அப்புறம் படத்தைத் தலைகீழாக வைத்து ஒரு தடவை, கண்ணாடியில் காட்டி ஒரு தடவை பாருங்கள். பழகிய கண் பார்க்க மறந்த சாய்வு அப்போது பிடிபடும்.

கடல் செங்குத்தாக நிற்கிறது, படுக்கவில்லை

மிகவும் அடிக்கடி வரும் புகார் இது. நீலம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடல் நம் காலடியிலிருந்து தூரத்துக்குப் போகாமல், திரைச்சீலையாகத் தொங்கும்.

முதலில் ஸ்கேலை எடுத்து, படத்தின் கீழ்விளிம்பிலிருந்து தொடுவானம் எவ்வளவு உயரம் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்து பாருங்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடத் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்துவிடும்போலத் தோன்றும். மலைக்கோடு சாய்ந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள், கடல்கோடு சாய்ந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

கோடு சரி என்றால் அலைகளைப் பாருங்கள். அலைவரிகளுக்கு இடையிலுள்ள தூரம் மேலே போகப் போகக் குறைய வேண்டும். கரையருகே ஒரு சாண் இடைவெளி என்றால் நடுவில் ஒரு விரல், தொடுவானத்துக்குப் பக்கத்தில் வரியே இல்லை, வெறும் நிறம்தான். புதிதாக வரைகிறவர்கள் எல்லா அலையையும் ஒரே இடைவெளியில் வெள்ளை வெள்ளையாகத் தொடுவானம் வரைக்கும் இழுத்துவிடுகிறார்கள். அலை அங்கெல்லாம் உடைவதில்லை. ஒரு மீட்டர் உயர அலை, ஆழம் ஏறத்தாழ 1.3 மீட்டராகக் குறைகிற இடத்துக்கு வந்த பிறகுதான் உடையும். அதாவது வெள்ளை நுரை கரைக்குப் பக்கத்து வேலை. தூரத்தில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்குப் பலத்த காற்று என்று அர்த்தம். அப்படியானால் தென்னையும் அதைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம் நிறம். குழாயிலிருந்து பிதுக்கிய ஒரே நீலத்தை மேலிருந்து கீழ்வரை பூசினால் கடல் நிற்கத்தான் செய்யும். காலடித் தண்ணீருக்குள் மணல் தெரியும், அதனால் அங்கே பழுப்பும் இளம்பச்சையும் கலந்த நிறம். கொஞ்சம் தள்ளி, எழும்பும் அலையின் உச்சி மெல்லிசாக இருக்கிற இடத்தில் வெளிச்சம் ஊடுருவிப் பச்சையாக மின்னும். அதற்கப்பால் நாம் பார்ப்பது பெரும்பாலும் வானத்தின் பிரதிபலிப்பு. கண்ணின் கோணம் தாழத் தாழத் தண்ணீர் கண்ணாடித் தன்மை அடைந்துவிடும். அதனால் வானத்துக்கு எந்த நீலம் போட்டீர்களோ அதையே கொஞ்சம் இருட்டாக்கித் தூரக் கடலுக்குப் போடுங்கள். தனியாக ஒரு 'கடல் நீலம்' தேவையில்லை.

மழைக்காலப் படம் என்றால் நீலத்தையே மறந்துவிடலாம். தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் சேரும் இடத்தை ஜூன், ஜூலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், செம்மண் கரைந்த தண்ணீர் கடலுக்குள் எவ்வளவு தூரம் தனி நிறமாகப் போகிறது என்று. பூவாரில் நெய்யாறு சேரும் பொழியிலும் அதே கதை. ஒரு பக்கம் ஆறு, நடுவில் மணல்திட்டு, மறுபக்கம் கடல் என்று இரண்டு தண்ணீருக்கும் இரண்டு நிறம் போட்டாலே படத்தில் பாதித் தூரம் தானாக வந்துவிடும்.

ஆட்கள் சிலர் பூதமாக, சிலர் குள்ளமாக

இதற்கு ஒரே விதி. தொடுவானம் எப்போதும் பார்க்கிறவர் கண் உயரத்தில் இருக்கும். நீங்கள் மணலில் நின்றபடி பார்க்கிறீர்கள் என்றால், உங்களோடு ஒரே மட்டத்தில் நிற்கிற பெரியவர்கள் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், அவர்கள் கண்ணை ஒட்டியே தொடுவானக் கோடு போகும். தூரத்து ஆளுக்குக் கால்தான் மேலே ஏறும், தலை இறங்காது. உட்கார்ந்து பார்த்த காட்சி என்றால் கோடு நிற்கிறவர்களின் இடுப்புக்கோ நெஞ்சுக்கோ வரும். நம் பக்கத்துக் கரை சரிவானது, ஆகவே தண்ணீர் ஓரத்தில் கரமடி (கரைவலை) இழுக்கிறவர்கள் நம்மைவிடத் தாழ்வாக நிற்பார்கள், அவர்கள் தலை கோட்டுக்குக் கீழே வருவது சரிதான்.

வள்ளத்துக்கும் இதே கணக்கு. மணல்மேட்டில் நிற்கிற உங்கள் கண், கடல்மட்டத்திலிருந்து மூன்று நாலு மீட்டர் உயரத்தில் இருக்கும். வள்ளத்தின் விளிம்பு அவ்வளவு உயரம் கிடையாது. ஆகவே வள்ளத்தின் உடல் முழுக்கத் தொடுவானத்துக்குக் கீழேயே கிடக்கும், பாய்மரமோ நிற்கிற ஆளின் தலையோ மட்டும் மேலே எட்டிப் பார்க்கலாம். படத்தில் வள்ளமே கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது என்றால், வரைந்தவர் கடலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று வரைந்திருக்கிறார் என்று பொருள்.

அஸ்தமனம் மேலே ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது

வானத்தில் ஆரஞ்சும் சிவப்பும் கொட்டிக் கிடக்கும். கீழே மணல் மத்தியான வெயிலில் பளிச்சென்று இருக்கும், தென்னை ஓலை கிளிப்பச்சையில் சிரிக்கும். மேல்பாதி மாலை ஆறு மணி, கீழ்பாதி பகல் பன்னிரண்டு. இதை வரைந்தவருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரியும். ஆனால் சிவப்பு போதவில்லையோ என்று நினைத்து இன்னும் சிவப்பு போடுவார்.

சூரியன் எதிரே கடலில் இறங்குகிறது என்றால் வெளிச்சம் நம் முகத்தில் அடிக்கிறது. மரம், வள்ளம், ஆள் எதுவானாலும் நமக்குத் தெரிகிற பக்கம் நிழல் பக்கம். ஓலையில் பச்சை அநேகமாக இருக்காது, பழுப்பும் ஊதாவும் கலந்த இருட்டுத்தான். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்த்தால் அந்த இருட்டு உயிரோடு கிடைக்கும். வெறும் கறுப்பைத் தொடாதீர்கள், படத்தில் ஓட்டை விழுந்ததுபோல் ஆகிவிடும். நிழல்கள் எல்லாம் நம்மை நோக்கி நீளமாக வர வேண்டும். பக்கவாட்டில் விழுந்த ஒரே ஒரு நிழல் போதும், முழுப் படத்தையும் கெடுக்க.

தண்ணீரில் சூரியன் போடும் பொன் பாதை சூரியனுக்கு நேர் கீழே, நம்மை நோக்கி நேராக வரும். அழகுக்காக அதைச் சாய்த்து மூலைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. அது நடக்காது. கரையில் நூறு பேர் நூறு இடத்தில் நின்று பார்த்தாலும் ஒவ்வொருவருக்கும் பாதை அவரவர் காலடிக்குத்தான் வரும்.

இனி ஊர் சார்ந்த ஒரு விஷயம். நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், கோவளம் என்று இந்தக் கரை முழுக்கத் தென்மேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. ஆகவே இங்கே கடலில் சூரியன் உதிக்காது, உதயம் கரைப்பக்கம். டிசம்பரில் சூரியன் நன்றாகக் கடலுக்குள் இறங்கும். ஜூனில் வடக்கே தள்ளிப்போய்க் கரையோரத்தை ஒட்டி மறையும். 'பொழியூரில் காலை' என்று பெயர் வைத்துக் கடலுக்குள்ளிருந்து சூரியனைக் கிளப்பிய படத்தை உள்ளூர்க்காரர் பார்த்தால் முதல் கேள்வியே அங்கேதான் விழும். நிலவும் அப்படித்தான். முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தில் எதிர்த்திசையில் உதிக்கும். சித்ரா பௌர்ணமிக்குக் கன்னியாகுமரியில் கூட்டம் கூடுவதே ஒரு பக்கம் அஸ்தமனம், மறுபக்கம் நிலவு என்று திரும்பித் திரும்பிப் பார்க்கத்தான். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடுத்தடுத்து வைக்க முடியாது.

பகல் படத்துக்கும் ஒரு வார்த்தை. நாம் இருப்பது எட்டு டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிவெயில் ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே. மத்தியானத் தென்னையின் நிழல் மரத்தடியிலேயே வட்டமாகக் கிடக்கும். அங்கே நீள நிழல் போட்டால் அது வேறு தேசத்து வெயில்.

மணல் வெறும் மஞ்சளாகக் கிடக்கிறது

யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளில் வெள்ளையைக் கலந்து ஒரே பூச்சு. பெரும்பாலான படங்களில் மணல் இவ்வளவுதான். இந்த ஊர்க் கரையில் உட்கார்ந்து இப்படி மணல் வரைவது எனக்கு ஆறாத வருத்தம். மணவாளக்குறிச்சியில் ஒரு கைப்பிடி மணலை அள்ளிப் பாருங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட், தோரியம் உள்ள தேன்நிற மோனசைட், நடுவே வெள்ளைக் குவார்ட்ஸ் என்று நாலு கனிமம். 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டை அடையாளம் கண்டது, திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த இந்த மணலில்தான். உலகம் தேடி வந்த மணலை நாம் ஒரே மஞ்சளில் முடித்துவிடுகிறோம்.

அலை இந்த மணலைத் தானே தரம் பிரிக்கிறது. கனமான கறுப்பையும் சிவப்பையும் கரையிலேயே விட்டுவிட்டு, இலேசான வெள்ளையை இழுத்துக்கொண்டு போகும். அதனால் அலை ஏறி இறங்கிய கோட்டை ஒட்டி வரிவரியாகக் கருமை படிந்திருக்கும், சில இடங்களில் குங்குமம் தூவியதுபோல் சிவப்பும். இந்த வரிகள் அலையின் வளைவையே பின்பற்றும் என்பதால், படத்தில் அவை கண்ணைக் கரையோரமாகத் தூரத்துக்கு நடத்திக்கொண்டு போகும். மணலின் சரிவும் தானாகத் தெரிந்துவிடும். கோவளத்திலும் கறுப்பு மணல் உண்டு.

ஈரமணல் தனிக் கதை. காய்ந்த மணலைவிட இரண்டு படி இருட்டு, அதோடு வானத்தை வாங்கிக் காட்டும். காய்ந்த மணல், ஈரமணல், நுரை விளிம்பு, மெல்லிய தண்ணீர் என்று இந்த நான்கும் மூன்று விரல் அகலத்துக்குள் மாறிவிடும். படத்தில் 'கடல் வரல்ல' என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த ஈரமணலைத்தான். அது இல்லாவிட்டால் கடலும் மணலும் கத்தரித்து ஒட்டியதாகவே இருக்கும். சேர்த்துவிட்டால், கடலைத் தொடாமலே கடல் சரியாகிவிடும்.

நுரைக்கு வெறும் டைட்டானியம் வெள்ளை வேண்டாம். நுரையின் நிழல் பக்கம் சாம்பல் நீலம். சுத்த வெள்ளையைக் கடைசியில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் தொட்டு வையுங்கள்.

தென்னை பொய்யாகத் தெரிகிறது

வீட்டு வாசலிலேயே நிற்கிற மரம், அதனால் யாரும் பார்த்து வரைவதில்லை. மனதிலிருந்து வரைந்தால் பத்து ஓலை நாலாபக்கமும் ஒரே நீளத்தில் விழும். நிஜத்தில் காய்க்கிற மரத்தில் முப்பது ஓலை அளவுக்கு இருக்கும். நடுக்குருத்து ஈட்டியாக நிமிர்ந்து நிற்கும், அடுத்த வரிசை சாய்ந்து, அதற்கடுத்தது படுத்து, கடைசி வரிசை காய்ந்து தடியோடு ஒட்டித் தொங்கும். சில ஓலை நேராக நம்மை நோக்கி வரும். அது குட்டையாகத் தெரியும், அதை வரைய மனம் வராது, ஆனால் மரத்துக்குக் கனம் தருவது அதுதான். மட்டைகளுக்கு நடுவே குலையும் பன்னாடையும் உண்டு. அந்த இடம் படத்திலேயே மிகவும் இருட்டான இடங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

தடி: கடலைப் பார்த்துச் சாய்ந்த மரம் குச்சிபோல் நேராகச் சாய்வதில்லை. அடியில் பருத்து, சாய்ந்து, நுனிக்கு வரும்போது மறுபடி வானத்தைப் பார்த்து நிமிரும். அந்த வளைவு இல்லையென்றால் மரம் விழப்போகிறது என்று பயமாக இருக்கும். காற்றையும் பாருங்கள். பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு, ஆகவே ஓலை கரைப்பக்கம் ஒதுங்கும். வள்ளத்துக் கொடி ஒரு பக்கம், ஓலை மறுபக்கம் பறந்தால் இரண்டில் ஒன்று பொய்.

பனையையும் சவுக்கையும் நினைவில் வையுங்கள். எல்லாக் கரையிலும் தென்னை மட்டும்தான் நிற்கிறதா என்ன.

எல்லா நிறமும் கத்துகிறது

நீலம், பச்சை, ஆரஞ்சு மூன்றையும் குழாயில் இருந்தபடியே போட்டால் இப்படித்தான். ஒவ்வொன்றிலும் அதன் எதிர்நிறம் (நீலத்துக்கு ஆரஞ்சு, பச்சைக்குச் சிவப்பு) ஒரு துளி சேருங்கள். தூரப்போகப்போக வெளிறவும் நீலமாகவும் விடுங்கள். இதைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போங்கள். மியூசிய வளாகத்தில் 1935இல் திறந்த ஸ்ரீ சித்ரா கலைக்கூடத்தின் சேகரிப்பில் ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் வரைந்த இமயமலைப் படங்கள் உண்டு. கடலுக்கும் இமயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக மலைவரிசை எப்படி ஒவ்வொரு படியாக வெளிறுகிறது என்பதை அங்கே படித்தால், முட்டத்துப் பாறையையும் அதற்கப்பால் தெரியும் அடுத்த முனையையும் பிரித்து வரைய வந்துவிடும்.

அழகாக இருக்கிறது, ஆனால் எந்த ஊர் என்று தெரியவில்லை

இது தொழில்குறை இல்லை, பார்வைக்குறை. காலண்டரிலிருந்து வந்த கடற்கரை. அலையடிக்கிற திறந்த கடலில் கெட்டுவள்ளம் மிதக்கும். அது ஆலப்புழைப் பக்கத்துக் காயலில் ஓடுகிற படகு, கடல் அலைக்கு இறங்காது. அஸ்தமனத்துக்கு முன்னால் சீனவலை தொங்கும். அது கொச்சித் துறைமுக முகத்திலும் காயல்களிலும் இருப்பது, நம் கரையில் கிடையாது. நம் கரையில் இருப்பது கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவுக்குப் போட்ட கருங்கல், ஃபைபர் வள்ளத்தின் பின்னால் தூக்கிவைத்த எஞ்சின், நீல நைலான் வலைக்குவியல், ஊருக்கே உயர்ந்து நிற்கும் கோவில் கோபுரமோ தேவாலயக் கோபுரமோ, ஓரமாகச் சிலுவை நிற்கும் ஒரு குருசடி. கல் அழகில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நுரை மோதுவதற்கு அந்தக் கறுப்புக் கல்லைவிட நல்ல பின்னணி எங்கே கிடைக்கும்?

வரைந்தபோது நன்றாக இருந்தது, மழைக்குப் பிறகு கெட்டுவிட்டது

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் நனைக்கிற மாவட்டம் இது. கான்வாஸ் தொய்ந்தால் பின்னால் மூலை ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்கலாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம். மேலே வெண்படலம் தெரிந்தால், ஈரப்பதமான நாளில் வார்னிஷ் அடித்ததாக இருக்கலாம். எண்ணெய்ப் படம் என்றால் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை காய்ந்த பிறகு, வறண்ட நாள் பார்த்து வார்னிஷ் போடுவது வழக்கம். பூசணம் என்றால் படத்தைத் தனியே எடுத்து, நிழலில் காற்றாட நன்றாகக் காயவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது. வெளிச்சுவரில் மாட்டும்போது சட்டத்தின் பின்மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் இடையில் காற்று ஓடும். அக்ரிலிக் படங்களை முகத்தோடு முகம் அடுக்காதீர்கள். சூட்டில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பழைய படம் ஒன்று கிடைத்தது, விலை போகுமா?

முதலில் அது கையால் தீட்டியதா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அச்சு. அச்சின் மேல் அங்கங்கே பசை தடவித் தூரிகைத்தடம் காட்டுவதும் உண்டு, தடமும் நிறமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். தாத்தா காலத்தது, நூறு வருஷத்துக்கு மேலே என்று சொன்னால் பெயின்டைக் கேளுங்கள். தேலோ நீலம் என்ற செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது 1935இல், ஓவியர்களுக்கான அக்ரிலிக் பரவலாகக் கிடைத்தது 1950களில். பழைய திருவிதாங்கூர்ப் பக்கம் என்பதால் 'ரவிவர்மா கை' என்று ஒரு பேச்சும் எழும். அவர் பெயர் பெற்றது மனித உருவங்களாலும் புராணக் காட்சிகளாலும், அவர் அச்சகம் 1894இல் தொடங்கியதிலிருந்து அச்சுப் படங்கள் வீடுவீடாகப் போயிருக்கின்றன. ஆளே இல்லாத தென்னை-கடல் படத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல நிறையச் சான்று வேண்டும். உண்மையிலேயே நூறு வருஷம் தாண்டியது என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும், நினைத்தபடி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எதுவானாலும் சோப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் எண்ணெய் எதையும் வைத்துத் துடைக்காதீர்கள்.

உங்கள் சொந்தப் படம் என்றால் கணக்கு எளிது. கான்வாஸ், பெயின்ட், சட்டம் இவற்றின் செலவை முதலில் எழுதுங்கள், அதற்குமேல் உழைப்பு, அப்புறம் உங்களைப்போல வரைகிறவர்களின் அதே அளவுப் படம் பக்கத்து ஊர்களில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து ஒப்பிடுங்கள். பெயர், ஊர், வருஷம், எண்ணெயா அக்ரிலிக்கா என்பதைப் பின்பக்கம் மரச்சட்டத்தில் பென்சிலால் குறியுங்கள். கான்வாஸ் துணியின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கம் கசியும்.